கட்டளையில் நான் விட்ட எழுத்து

போன ஆவணி மாதம், ஹைதராபாத் திருமுல்கேரியில் எங்கள் கார்டுக் கடையில் நடந்தது இது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று இங்கே இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்குப் பத்திரிகை அடித்துக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. அம்மா கார்டு மடிப்பார். நான் கம்ப்யூட்டரில் எழுத்து கோர்ப்பேன். பத்தாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் எல்லாம் அண்ணன் சொல்லிக் கொடுத்ததுதான்.

அண்ணன் சித்திரையில் போய்விட்டான். டெங்கு. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான், பத்தாம் நாள் இல்லை. இருபத்தேழு வயது.

அவன் கொண்டாப்பூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். லீவு நாளில் உட்கார்ந்து எங்கள் கடைக்கென்று ஒரு ஃபான்ட் செய்தான். இந்தப் பக்கம் ராணுவ வேலைக்காக அந்தக் காலத்திலேயே வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் நிறைய. அவர்கள் கிளம்பி வந்த பிறகுதான் தமிழ்நாட்டில் எழுத்து மாறியது. அதனால் லை, னை எல்லாம் பழைய மாதிரி, தலையில் யானைத் துதிக்கை வைத்து வந்தால்தான் அவர்களுக்குப் பத்திரிகை பத்திரிகையாகத் தெரியும். இலவசமாகக் கிடைத்த ஒரு ஃபான்ட்டை எடுத்து, அந்தத் துதிக்கைகளை ஒவ்வொன்றாக வரைந்து சேர்த்தான். பெயரை மட்டும் மாற்றவில்லை. வரைந்தது ஆபீஸ் லேப்டாப்பில். அவன் போன பிறகு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் கடைக் கம்ப்யூட்டருக்குள் வைத்ததுதான் மிச்சம்.

கடைக் கம்ப்யூட்டர் லினக்ஸ். அதில் சிஸ்டம் ஃபோல்டருக்குள் ஃபான்ட்டை வைக்க, கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடிக்க வேண்டும். 'இன்ஸ்டால்' என்று ஆரம்பிக்கும். அப்புறம் ஒரு கோடு போட்டு பி, இன்னொரு கோடு போட்டு எம், ஒரு நம்பர், பிறகு ஃபைலின் பெயர், அது போய்ச் சேர வேண்டிய இடம். அண்ணன் இதை ஒரு கார்டின் பின்பக்கம் எழுதி மானிட்டரில் ஒட்டி வைத்திருந்தான்.

அந்த வாரம் ஒரு அக்கா வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம், கல்யாணமாகி இங்கே வந்தவர், ஐடி வேலை. மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். மாமனாருக்குப் பழைய எழுத்து வேண்டும், வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால் கீழே இங்கிலீஷும் வேண்டும் என்றார். அண்ணன் முதலில் எடுத்த அந்த இலவச ஃபான்ட்டில் இப்போது அழகான இங்கிலீஷ் எழுத்தும் வந்திருந்தது. இறக்கினேன். அதே பெயர்தான், அண்ணன் எழுத்தோடு இங்கிலீஷும் போய்ச் சேர்ந்துகொள்ளும் என்று நினைத்தேன். கட்டளையில் அந்த பி, எம் எதற்கென்று எனக்குத் தெரியாது. தெரியாததை எதற்கு அடிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். கம்ப்யூட்டரும் ஒன்றும் சொல்லவில்லை. இங்கிலீஷ் நன்றாக வந்ததா என்று மட்டும் பார்த்து ஒரு பிரதி எடுத்து வைத்தேன்.

மறுநாள் காலையில் அந்த அக்கா ஆபீஸ் போகிற வழியில் வந்து வாங்கிப் பார்த்தார்.

"மாமா கேட்ட எழுத்து இது இல்லையே கண்ணு."

நான் பார்த்தேன். ஒரு துதிக்கைகூட இல்லை. போன வருஷம் அடித்த பத்திரிகைகளைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். எல்லாவற்றிலும் புது எழுத்து.

"இன்னாடி, மூஞ்சி ஏன் இப்டி போச்சு?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா."

"யாரு செஞ்ச ஃபான்ட்டு இது?" என்று அந்த அக்கா மெதுவாகக் கேட்டார்.

"எங்கண்ணன்."

"அப்ப அவருகிட்ட இருக்குமே. போன் போட்டுக் கேளு."

"அவன் இல்லக்கா."

"ஆபீஸ்ல இருக்காரா?"

"செத்துட்டான்."

அவர் தோளில் இருந்த பையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் ஓடியது. நேற்று அந்த பி, எம் இரண்டையும் விட்டதுதான் தப்பு. இப்போது அண்ணன் எழுதியதை அப்படியே முழுசாக அடித்தால் எல்லாம் சரியாகிவிடும். மானிட்டரில் ஒட்டியிருந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன். என்டர் தட்டப் போகும்போது அந்த அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"இரு கண்ணு. தட்டாத. நேத்து என்ன அடிச்ச, அதைக் காட்டு முதல்ல."

காட்டினேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த சிஸ்டம் ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று வரிசையாக வரவழைத்தார். எங்கள் ஃபான்ட்டின் பெயரிலேயே இரண்டு ஃபைல் இருந்தது. ஒன்றின் பெயருக்குக் கடைசியில் ஒரு நெளிகோடு, வால் மாதிரி.

"இந்த பி இருக்குதுல்ல, அதே பேர்ல பழசு ஒண்ணு இருந்தா அதுக்கு ஒரு வாலை ஒட்டி ஓரமா வெச்சுட்டுத்தான் புதுசை உள்ள வைக்கும். எம் வந்து, அதை யாரு யாரு படிக்கலாம்கிறதுக்கு. நேத்து நீ பி போடல. அதனால உங்கண்ணன் கடைசியா வெச்சது போயிருச்சு. ஆனா அவரு பி போட்டுத்தான் வெச்சிருக்காரு. அதுக்கு முந்தினது இதோ இருக்குது."

"அப்ப நான் இப்ப அடிச்சது?"

"பி போட்டிருக்கியா, நேத்து நீ இறக்குனதுக்கு வாலை ஒட்டி இது மேலயே ஏத்தியிருக்கும். இதுவும் போயிருக்கும்."

நான் என் விரலைப் பார்த்தேன். அழுகை வரவில்லை. அண்ணன் போனபோதுகூட எனக்கு உடனே வரவில்லை.

வால் இருந்ததை வேறு பெயரில் பென்டிரைவில் ஒன்று, என் போனில் ஒன்று, அவருடைய மெயிலில் ஒன்று என்று எடுத்து வைத்தார். நடுவில் ஆபீஸிலிருந்து போன் வந்தது. "வஸ்துன்னா, வஸ்துன்னா" என்று, வந்துகொண்டே இருப்பதாகத் தெலுங்கில் சொல்லிக் கட் செய்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இனி பயமில்ல. எடுத்து வெச்ச இந்த ஃபைல் பேரைப் போட்டு இப்ப நீயே அடி. ஒண்ணும் விடாத."

அடித்தேன். பத்திரிகையைத் திறந்தால் துதிக்கை எல்லாம் வந்து நின்றது. இங்கிலீஷுக்கு வேறு எழுத்து போட்டுக்கொண்டோம். அம்மா வந்து தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது அவன் எழுத்துதான். முன்ன எடுத்தது நல்லாவே இல்ல," என்று சொல்லிவிட்டு மடிக்கப் போய்விட்டார்.

எனக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. 'மனைவி' என்கிற வார்த்தையில் துதிக்கை போய்ப் பக்கத்து எழுத்தை லேசாக இடித்தது. மாசி மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அண்ணன் அதைத்தான் சரிசெய்தான். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை என்று நான் அவனைத் திட்டியிருக்கிறேன்.

அந்த அக்காவிடம் சொன்னேன். உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா கண்ணுக்கு இது தெரியாது. ஒரு சனிக்கிழமை வந்து சரிபண்ணித் தரட்டுமா?" என்றார்.

"நக்கோக்கா, வேணாம். நானே கத்துக்கறேன்."

போனில் பார்த்துப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒரே ஒரு னையை மட்டும் நகர்த்தினேன். அண்ணன் அளவுக்கு வரவில்லை. அவன் சரிசெய்து வைத்ததை அழித்தவள் நான்தான் என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, இதைப் படித்துத்தான் அவருக்குத் தெரியப் போகிறது. அவன் விட்டுப்போனதில் எனக்குப் புரியாதது எதுவோ, அதைத்தான் முதலில் பத்திரமாக வைக்க வேண்டும் என்று அன்றைக்கு அந்த ஸ்டூல் பக்கத்தில் நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.