படத்துச் சுருக்கு ரவிக்கை

நேற்று என் மகனின் தையற்கடையில் ஒரு பெண் வாரப் பத்திரிகையைப் பிரித்து, அதிலிருந்த நடிகையின் ரவிக்கைதான் வேண்டுமென்று அடம்பிடித்தாள். மிஷின் எண்ணெய் வாசனையில் நின்று அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படத்தைப் பார்த்துத் தைத்து நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

காரைக்குடியில் நான் கடை போட்ட புதிது. ரங்கூனிலிருந்து வந்த சாமான் பெட்டிக்குள் கிடந்த சீமை உடுப்புப் படப் புத்தகம் ஒன்று என் கைக்கு வந்தது. எனக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் எல்லாம் தெரிந்தவன் போலப் பக்கம் புரட்டுவேன். தன் தம்பி மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கப் பள்ளத்தூர்ச் செட்டியார் வீட்டு ஆச்சி ஒருவர் வந்தார். ஒரு பக்கத்தில் வெள்ளைக்காரிகள் இருவர். ஒருத்தி சாதா உடுப்பில் உட்கார்ந்திருந்தாள். இன்னொருத்தி தோளெல்லாம் வெள்ளைச் சுருக்கு பொங்க நின்றாள்.

“நிக்கிறவதான் பெரிய வீட்டுக்காரி. இதே மாதிரி தைச்சிரு தம்பி” என்றார் ஆச்சி. நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் பக்கத்தில் வசதி என்றால் உடம்பில் தெரிய வேண்டுமே!

ஆச்சி ரவிக்கையை வாங்கிப் போன பிறகு, சிவகங்கையில் வெள்ளைக்காரத் துரை வீட்டில் சமையல் பார்த்த ஒருவர் கோட்டுக்கு ஒட்டுப்போட வந்தார். படத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “உக்காந்திருக்கவதானப்பா எஜமானியம்மா. நிக்கிறவ தேத்தண்ணி கொண்டாரவ!”

மறுநாள் கல்யாணம். கப்பலேறி ஊர் கண்டவர்கள் பத்துப் பேராவது வருவார்கள். ஒருவர் சிரித்தாலும் ஆச்சி மானம் போகும், என் கடையும் போகும். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தூருக்கு ஓடினேன்.

விஷயத்தைச் சொன்னதும் ஆச்சி கோபிக்கவில்லை. படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்த வேலைக்காரி வள்ளியைப் பார்த்தார். அப்போதெல்லாம் வள்ளி போன்றவர்கள் ரவிக்கை போடுவதில்லை. போட்டால் திமிர் என்பார்கள்.

“அங்குட்டு வேலை செய்யிறவளே இம்புட்டு உடுத்துறாளா?” என்றார். “நான் இதத்தான் போட்டுக்கிட்டுப் போவேன், எவன் சிரிக்கிறான்னு பாப்போம். வள்ளிக்கும் ஒண்ணு தைச்சிரு.”

பெண்களைத் தொட்டு அளவெடுக்கும் வழக்கம் அன்று இல்லை. பழைய ரவிக்கையைத்தான் கொடுத்துவிடுவார்கள். நானும் பழக்க தோஷத்தில், “வள்ளி, அளவு ரவிக்கை எடுத்துட்டு வா” என்றேன்.

வள்ளி சிரித்தாள். “என்ன இப்பிடிக் கேக்கிறீக? இருந்தாத்தானே எடுத்துட்டு வர?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆச்சியே ஒரு நூலை எடுத்து அவளைச் சுற்றி அளந்து, முடிச்சுப் போட்டு என்னிடம் தந்தார். அன்றிரவே தைத்து முடித்தேன்.

கல்யாணத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. மறுவாரமே நான்கு ஆச்சிமார் அதே சுருக்குக் கேட்டு வந்தார்கள்.

புத்தகம் செல்லரித்துவிட்டது. ரங்கூன் பெட்டிகள் வருவதில்லை. ஆச்சியும் போய்விட்டார். அதற்கெல்லாம் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அளவு ரவிக்கை கேட்டால் ‘இருந்தாத்தானே’ என்று சிரிக்கும் பெண் இன்று எங்கள் பக்கத்தில் ஒருத்திகூட இல்லை. அந்த வழக்கம் ஒழிந்ததில் மட்டும் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை.