பச்சைச் சுவருக்குள் மெஹருன்னிசா டீச்சர்

மைதானத்தில் கோ-கோ ஆடும் பிள்ளைகளை விரட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "டீச்சர், அம்மா மவுத்தாயிட்டாங்க" என்று சாவுச் செய்தி சொன்னாள் மெஹருன்னிசா டீச்சரின் மகள். வாயில் விசில் இருந்ததை மறந்து பதில் சொல்லப்போக, விசில்தான் ஒலித்தது. பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

அறந்தாங்கியில் எங்கள் பள்ளியில் அவரிடம் உயிரியல் படித்தவர்களே, கூட வேலை பார்த்தவர்களே, தவளையின் இதயத்தைக் கை எடுக்காமல் கரும்பலகையில் வரையும் டீச்சரை உங்களுக்குத் தெரியும். கழிவறைக் கதவைத் தாழ்போடாத டீச்சரை எனக்குத்தான் தெரியும். நான் வாசலில் காவல் நிற்பேன். அவர் உள்ளேயிருந்து பேசிக்கொண்டே இருப்பார். பேச்சு நின்றால், "இருக்கீங்களா?" என்பார். "எங்க போகப்போறேன்? நாத்தம் தாங்கல, சீக்கிரம் வாங்க" என்பேன்.

காரணம் ஒரு மயக்க ஊசி. முன்பு ஸ்கூட்டியிலிருந்து விழுந்து கை முறிந்தபோது, எலும்பைச் சேர்த்துக் கட்டுவதற்காகப் போட்டார்கள். வெளியே கொஞ்ச நேரம்தான். உள்ளே அவர் அந்த அறையின் பச்சைச் சுவராகிவிட்டார். சுவரைப் பார்க்கவில்லையாம், சுவராகவே ஆகிவிட்டாராம். பெயர் இல்லை, பிள்ளை இல்லை, தமிழ் இல்லை. எப்போதும் இதுதான் இருந்தது, இனியும் இதுதான் என்பது மட்டும் தெரிந்ததாம். அலறிக்கொண்டு விழித்தார். அன்றிலிருந்து அடைத்த அறைக்குள் தனியாக இருக்க அவரால் முடியாது.

"மருந்தோட வேலைம்மா, சிலருக்கு அப்படித்தான்" என்றார் டாக்டர். மாமியார் ஓதிய தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். ஸ்டாஃப் ரூமில் "ஓசியில போதை" என்று சிரித்தார்கள். நானும் என் பங்குக்கு, "திருவரங்குளத்துல எங்க அத்தைக்குச் சாமி வரும். அந்த மாதிரியா?" என்று கேட்டுவைத்தேன்.

கொஞ்சம் யோசித்தார். "ஒங்க அத்தைக்கு உள்ள ஒருத்தர் வர்றாங்க. எனக்கு உள்ள இருந்தவ போயிட்டா. பயம் மட்டும் கெடக்கு. யாரு பயந்தாங்கன்னு கேளுங்க, ஆளே இல்ல."

"விடுங்க டீச்சர், கெட்ட கனவு" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கனவுல நான் இருப்பேன்ல? மருந்து கதவத் தொறந்துச்சு, ஒத்துக்கிறேன். உள்ள இருந்தது யாரு வீடு? தெனம் நான் நான்னு அலையிறோமே, அதக் கழட்டிட்டா மிச்சம் அந்தப் பயந்தானா?"

இதைக் கேட்டுத் தெளிய அவருக்கு ஊரில் ஆள் இல்லை. விளையாட்டு டீச்சரான என்னிடம் கேட்டார்.

பிறகு கர்ப்பப்பையில் கட்டி வந்தது. ரத்தம் போய்ப் போய் முகம் வெளுத்துவிட்டது. ஆபரேஷனுக்கு மட்டும் மாட்டேன் என்றார். திரும்பவும் அதற்குள் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? திட்டினேன், கெஞ்சினேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். "பக்கத்துல நின்னு கத்துங்க. பேரு அங்க செல்லாது. ஒங்க தொண்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குமே, அந்தச் சத்தத்தப் புடிச்சுக்கிட்டு வந்துருவேன்." மயக்க மருந்து டாக்டரிடம் நானே போய்ப் பேசினேன். பழைய மருந்து வேண்டாம், வேறு போடலாம் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

வார்டுக்குக் கொண்டுவந்ததும் "மெஹரு!" என்று ஒரு கத்து கத்தினேன். கண்ணைத் திறந்து, "இங்கிட்டுதான இருக்கேன், ஏன் டீச்சர் இந்தக் கத்து?" என்றார். நான் சிரித்தேன். பார்த்தால் அவர் அழுகிறார்.

"ஒண்ணுமே இல்ல டீச்சர், வெறும் தூக்கம். இந்தத் தடவ பயப்படாம நின்னு பாத்துட்டு வந்துரணும்னுதான் படுத்தேன்."

எத்தனை அழுத்தக்காரி பாருங்கள்! எதற்குப் பயந்து நடுங்கினாரோ, அங்கேயே திரும்பப் போகக் கிளம்பியிருக்கிறார். அதற்கப்புறமும் கழிவறையில் தாழ்ப்பாள் போட்டதில்லை.

போன வாரம் காய்ச்சல் முற்றி நுரையீரலைப் பிடித்துக்கொண்டது. புதுக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். தொண்டையில் குழாய் போட்டிருந்ததால் மயக்கத்திலேயே வைத்திருப்பதாக டூட்டி டாக்டர் சொன்னார். "என்ன மருந்து சார்?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒங்களுக்கு எதுக்கும்மா?" என்றுவிட்டுப் போய்விட்டார். குழாயைப் பிடுங்கிவிடாமலிருக்கக் கைகளைக் கட்டிலோடு துணியால் கட்டியிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "மெஹரு! மெஹரு!" என்று கத்தினேன். இமைகூட அசையவில்லை. நர்ஸ் தோளைப் பிடித்து என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்.

எந்த மருந்து என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெறும் தூக்கமா, அந்தச் சுவரா? சாப்பிடும்போதும் இதுதான், கிரவுண்டில் நிற்கும்போதும் இதுதான். வெளியே வர வழி தெரியவில்லை. உங்களுக்கு அவர் பாடத்தையும் படங்களையும் விட்டுப்போயிருக்கிறார். என் பங்குக்கு வந்தது இந்தக் கேள்வி. யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

அடக்கம் முடிந்த அன்று அவருக்காக ஒன்றே ஒன்று வேண்டிக்கொண்டேன்: வெறும் தூக்கமாகவே இருந்திருக்கட்டும். தெரிந்தால் விடுவாரா? "யாரக் கேட்டு வேண்டுனீங்க? நான் அதப் பாக்கத்தான போனேன்!" என்று சண்டைக்கு வருவார்.

வரட்டும்.