தேனி பஸ்ஸில் ஒரு மஞ்சள் துப்பட்டா

2006 தீபாவளிக்கு முந்தின நாள், திருப்பூர் பேருந்து நிலையம். அப்போது நான் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து மேலாண்மை படித்துக்கொண்டிருந்தேன். எந்த ஊருக்கு எத்தனை பஸ் விடுவது, எந்த நேரத்துக்கு விடுவது, கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்றெல்லாம் சொல்லித் தரும் படிப்பு. "படிச்சு முடிச்சுட்டு பஸ் ஓட்டப் போறியா கண்ணு?" என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. கடைசி வருடத்தில் நேரடிப் பயிற்சி உண்டு. எனக்குச் சொந்த ஊரே கிடைத்தது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் விசில். கொஞ்சம் மிதப்பாகத்தான் திரிந்தேன்.

அன்று மதியமே பனியன் கம்பெனிகளில் போனஸ் கொடுத்து கேட்டைப் பூட்டிவிட்டார்கள். வேலைக்கு வந்திருந்த தென்மாவட்டத்துக்காரர்கள் அத்தனை பேரும் மூட்டை முடிச்சோடு ஒரே நேரத்தில் வந்து இறங்கினார்கள். பஸ் உள்ளே திரும்பும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு, கைக்குட்டை, குழந்தையின் சட்டை என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் சீட்டில் போய் விழும். துணி விழுந்த சீட்டு, போட்டவருக்குச் சொந்தம். நிர்வாகம் தோற்ற இடத்தில் நடக்கும் கூத்து இது என்று எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொல்வார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மூச்சுப் பிடித்து விசில் ஊதினேன். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்களின் நேரத்தைக் குறிக்கும் டைம் கீப்பர் தன் மேசையில் இருந்தபடியே சிரித்தார்.

"ஏனுங்க அம்மிணி, மூச்சை வீணாக்காதீங்க. இன்னைக்கு ஆண்டவனே வந்து ஊதுனாலும் கேக்காதுங்க."

அப்போதுதான் அந்தப் பெண் என் கையைப் பிடித்தாள். என் வயதுதான் இருக்கும். எட்டு மாத வயிறு, வீங்கிய பாதங்கள். பனியன் கம்பெனியில் டைலர். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறாள். கணவன் கம்பெனி வாட்ச்மேன், பண்டிகைக்கும் லீவு கிடைக்கவில்லை. பக்கத்தில் நெருங்கக்கூட முடியாமல், வந்த பஸ்களையெல்லாம் விட்டிருக்கிறாள்.

"மேடம், தேனிக்கு இனி ஒரு பஸ்தான் இருக்காம். அவ்வளவு தூரம் என்னால நின்னுக்கிட்டுப் போக முடியாது. எப்படியாச்சும் ஒரு இடம் புடிச்சுக் குடுங்க மேடம்."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். படித்த பாடம் எதுவும் அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை. தேனி பஸ் உள்ளே திரும்பியதும் ஓடினேன். என் மஞ்சள் துப்பட்டாவை உருவி, சுருட்டி, ஜன்னல் வழியே வீசினேன். ஒரு சீட்டில் போய் விழுந்தது.

ஆனால் படிக்கட்டை நெருங்க முடிந்தால்தானே? கூட்டம் எங்களைத் தள்ளித் தள்ளிப் பின்னால் கொண்டுபோய் விட்டது. அவள் வயிற்றில் இடிபடாமல் கையை அணைகொடுத்து நிற்பதே பெரும் பாடாகிவிட்டது. பஸ் நிரம்பிப் படிக்கட்டிலும் ஆட்கள் தொங்கினார்கள். டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். சீட் போயே போச்சு என்று முடிவே கட்டிவிட்டேன். ஆனாலும் மனசு கேட்காமல் பஸ்ஸின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டிக் கத்தினேன்.

"புள்ளத்தாச்சிங்க! கொஞ்சம் வழி விடுங்க!"

வண்டி நின்றது. தொங்கியவர்கள் ஒவ்வொருவராகக் கீழே குதித்தார்கள். உள்ளே நின்றவர்கள் எப்படியோ ஒடுங்கினார்கள். அவளைக் கைத்தாங்கலாக ஏற்றி, நானும் ஏறி உள்ளே பார்த்தேன்.

மூச்சுவிட இடமில்லாத அந்த பஸ்ஸில் ஒரே ஒரு சீட் காலியாக இருந்தது. அதன்மேல் என் துப்பட்டா, விழுந்த மாதிரியே கிடந்தது. அதை ஒட்டி ஒருவர், தூங்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, வியர்வை வழிய நின்றிருந்தார்.

"நீங்க உக்காந்திருக்கலாமேங்க?" என்றேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "துணி கெடக்குதேம்மா. எப்படி உக்கார்றது?"

அவ்வளவுதான். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. சீட்டில் உட்கார்ந்த அந்தப் பெண், "புள்ளையக் குடுங்கண்ணே" என்று கை நீட்டி, அந்தக் குழந்தையைத் தன் பக்கத்தில் இடுக்கிச் சாய்த்துக்கொண்டாள்.

நான் இறங்கியதும் பஸ் நகர்ந்துவிட்டது. துப்பட்டாவை வாங்க மறந்தது அப்புறம்தான் உறைத்தது. கூச்சத்தோடு நின்ற என்னிடம் டைம் கீப்பர் எங்கோ பார்த்தபடி தன் துண்டை நீட்டினார்.

"போத்திக்குங்க அம்மிணி. நாளைக்குக் குடுத்தாப் போதுமுங்க."

பிறகு இந்தத் துறையிலேயே வேலைக்கு வந்துவிட்டேன். இருக்கை முன்பதிவு, கணினி, கண்காணிப்பு எல்லாம் பார்த்துவிட்டேன். யாரென்றே தெரியாத ஒருவரின் துணிக்காக, தூங்கும் மகளைத் தோளில் சுமந்து நின்ற அந்த மனிதரை நினைத்தால் இன்றும் கை கூப்பத் தோன்றுகிறது. பிறந்த குழந்தையை அந்தத் துப்பட்டாவில்தான் அவள் சுற்றியிருப்பாள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். அந்தப் பிள்ளைக்கு இந்த உலகத்தில் முதன்முதலாக ஒரு இடம் பிடித்துக் கொடுத்தது நானில்லை, துணி கிடந்த சீட்டில் உட்காராமல் நின்ற அந்த பஸ் ஜனம் முழுவதும்தான்.