கோல்கீப்பருக்கு ஓர் அர்ச்சனை

நேற்று மயிலாப்பூர் கோயிலில் குருக்கள் யாருக்கோ "ஆயுள், ஆரோக்ய, விஜய" என்று சொல்லக் கேட்டதும் சித்தப்பாவின் நினைவு வந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், நான் சிறுவனாக இருந்தபோது, கால்பந்து ஃபைனலுக்கு முதல் நாள். முந்தின வருஷம் எங்கள் அணியின் பெனால்டியைப் பிடித்துவிட்டுச் சிரித்த எதிரணி கோல்கீப்பரின் நட்சத்திரத்தை எங்கேயோ விசாரித்துத் தெரிந்துகொண்டு, என்னையும் கோயிலுக்கு இழுத்துப் போனார் சித்தப்பா.

"நாளைக்கு அவன் கை விளங்கப்படாதுடா" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு, குருக்களிடம் அவன் பெயரைச் சொன்னார். அர்ச்சனை விதிப்படி, பெயருக்கு உரியவனுக்குத்தான் பலன். 'விஜய' காதில் விழுந்ததும் சித்தப்பா குறுக்கே பாய்ந்தார்.

"குருக்களே, ரத்து பண்ணிடுங்கோ! அவன் எங்க எதிரி!"

"சுவாமிகிட்ட சொல்லியாச்சேடா. தேங்காயும் உடைச்சாச்சு."

மறுநாள் அவனைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை.

அதன்பிறகு எதிரிகளின் பெயரை நான் சாமியிடம் சொன்னதே இல்லை. உத்தியோக காலம் முழுவதும் மேலதிகாரியிடம்தான் முறைப்படி புகார் எழுதிக் கொடுத்தேன். ஒன்றுகூடப் பலிக்காமல் போனதில்லை.