சரசுக்குத் தைத்த வெள்ளை ரவிக்கை

தையல்காரனுக்குத் துணியால் வருகிற தொல்லை கொஞ்சம்தான். துணியோடு கூட வருகிற ஆட்களால்தான் மிச்சமெல்லாம். கீரமங்கலம் கடைத்தெருவில் மிஷின் போட்டு உட்கார்ந்தவன் நான். தையல்கடைக்கு நடையாய் நடந்து அலுத்தவர்களும், வீட்டில் பிள்ளை வளர்த்து அலுத்தவர்களும் இதைப் படித்தால், நாமெல்லாம் ஒரே கட்சி என்று தெரிந்துகொள்வீர்கள்.

பேனாவுக்கு ஒரு பை

கறம்பக்குடிக்காரர் ஒருவர் மகனைக் கூட்டி வந்தார். பையனுக்குப் பன்னிரண்டு வயசு இருக்கும். நான் டேப்பை அவன் கழுத்தில் வைக்குமுன்னே அப்பா ஆரம்பித்துவிட்டார். "தாலுகா ஆபீசுல கிளார்க்கா ஒக்காரப் போறவன். பேனா குத்துறதுக்கு நெஞ்சுல பை வைங்க. காலர் வெறப்பா நிக்கணும்."

நான் பையனைப் பார்த்து, "ஒனக்கு எப்படிப்பா வேணும்?" என்றேன். அதுவரை யாரும் அவனிடம் அப்படிக் கேட்டதில்லை போல. அப்பா முகத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "பை கீழ இருந்தாப் போதுங்க. மேல வச்சா, குனியுறப்ப கோலிக்குண்டெல்லாம் கொட்டிரும்."

மயக்கம் போட்டது யார்?

இது அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. பக்கத்துக் கிராமத்து முத்துக்கருப்பன், பூந்தோட்டமும் கொஞ்சம் வயலும் உள்ளவர், மகள் சரசுவோடு கடைக்கு வந்தார். கையில் மூன்று ரவிக்கைக்கான வெள்ளைத் துணி. பள்ளிக்கூடப் படிப்பை முடித்த சரசுக்குத் தஞ்சாவூரில் நர்ஸ் படிக்க இடம் கிடைத்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை வெள்ளைச் சேலை, வெள்ளை ரவிக்கையோடு போய் நிற்க வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும்.

பெண்களுக்கு நாங்கள் டேப் வைத்து அளவெடுப்பதில்லை. பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்குக் கொண்டு வருவார்கள். சரசு அதை நீட்டிவிட்டாள்; அப்பாவோ துணியை என்னிடம் கொடுப்பதாகவே இல்லை. "டீச்சர் ட்ரெய்னிங்குக்குப் போன்னு சொல்றேண்ணே. படிச்சுட்டு இங்கிட்டே ஒரு பள்ளிக்கூடத்துல இருந்துக்கலாம்ல? ரத்தத்தைப் பாத்தா மயங்கி விழுகுற குடும்பம் நாங்க. இவ போயி காயம் கழுவப் போறாளாம்!" என்றார்.

சரசு துணியை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி என் மேசைமேல் வைத்தாள். "தம்பி கால்ல ஏர்க்கொழு கிழிச்சப்ப மயங்கி விழுந்தது நீங்கப்பா. கட்டுப் போட்டது நான்."

திங்கள் தாண்டட்டும்

மறுநாள் முத்துக்கருப்பன் தனியாக வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். மழை வருமா வராதா என்று பேசினார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார். "டெய்லரண்ணே, அந்த ரவிக்கைகளைச் செவ்வாக்கிழமை தாங்களேன்."

"திங்கக்கிழமை அந்தப் புள்ள அங்க இருக்கணுமேங்க?"

"அதான் சொல்றேன். ஊருல யாருக்கு நீங்க சொன்ன நாள்ல தெச்சுக் குடுத்திருக்கீங்க? எங்களுக்கு மட்டும் எதுக்கு இம்புட்டு ஒழுங்கு?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "நான் இழுத்தடிக்கிறது என் சோம்பேறித்தனத்துல. அடுத்தவுங்க சொல்லி இழுத்தடிச்சது இல்லை. வேணாம்னா அவகிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

அவர் எழுந்து வெளியே போனார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நான் முடிவாச் சொல்லிட்டா கேட்டுக்குவாண்ணே. ஒரு வார்த்தை எதுத்துப் பேசமாட்டா. அதுக்கப்புறம் அந்த மூஞ்சியை நான் தினமும் பாக்கணும்ல, அதான் சொல்ல முடியல."

மடிப்புக்குள் மஞ்சள்

சனிக்கிழமை மூவரும் வந்தார்கள். சரசுவின் அம்மா மீனாட்சியும் கூட. ரவிக்கைகள் தயாராக இருந்தன. ஒன்றை விரித்துப் பார்த்ததும் அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கல்யாணம் ஆகாத புள்ளைய வெள்ளையில அனுப்புறோமே!" என்று சொல்லிக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே இலையில் மடித்த மஞ்சள். புதுத் துணியின் ஓரத்தில் மஞ்சள் வைக்காமல் எங்கள் பக்கம் யாரும் உடுத்துவதில்லை.

"அம்மா, கறை இருந்தா உள்ள விடமாட்டாங்கம்மா," என்று சரசு பதறினாள். அந்த அம்மாவோ மஞ்சள் தொட்ட விரலை மடக்கவும் இல்லை, துணியில் வைக்கவும் இல்லை. இரண்டு பேரும் முத்துக்கருப்பனைப் பார்த்தார்கள். படிக்கப் போக வேண்டாம் என்று சொல்ல அவருக்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது.

அவர் ரவிக்கையை எடுத்துக் கீழ் மடிப்பைத் தடவிப் பார்த்தார். "இந்த மடிப்பைக் கொஞ்சம் பிரிங்கண்ணே. உள்ளுக்குள்ள இவ அம்மா ஒரு பொட்டு மஞ்ச வச்சுக்கிறட்டும். மறுபடி மூடித் தெச்சிருங்க. வெளிய தெரியாதுல்ல?"

"தெரியாதுங்க. ஆனா கையில இருக்கிற வேலையெல்லாம்..." என்று நான் இழுத்தேன்.

"இங்கனயே ஒக்காந்திருக்கேன். வாங்காமப் போகமாட்டேன்," என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அந்த அம்மா மடிப்புக்குள் மஞ்சள் வைத்தார். நான் மூடித் தைத்தேன். சரசு எங்கள் இரண்டு பேர் கையையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிளம்பும்போது துணிப் பொட்டலத்தைத் தன் கக்கத்தில் இடுக்கிய முத்துக்கருப்பன், ஏதோ தோன்றி, அதை எடுத்து மகள் கையில் கொடுத்தார். "திங்கக்கிழமை பஸ்ஸுல நானும் வாரேன் ஆத்தா. ஆஸ்பத்திரி வாசல் வரைக்குந்தான். உள்ள நீ போ."

அளவெடுக்கப் பிள்ளையை நேராக நிற்க வைத்துவிடலாம், பெற்றவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்க வைப்பதுதான் இந்தத் தொழிலில் பெரும்பாடு.