ஓடைக்கரைப் பொந்து

காலாண்டு லீவு விட்டதும் சங்கரன்கோவிலிலிருந்து ராயகிரி அத்தை வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவேன். அந்த வருஷம் போய் இறங்கும்போதே அத்தைக்கும் மாமாவுக்கும் வாக்குவாதம். தோப்புக்குள் டிராக்டர் போக ஓடைக்கரையை வெட்டித் தணிக்க வேண்டும் என்று மாமா ஜேசிபிக்குச் சொல்லியிருந்தார். கரையில் ஒரு பொந்து இருக்கிறது, அதில் நாகம் குடியிருக்கிறது, மண்ணைத் தொடக் கூடாது என்று அத்தை மறித்துவிட்டாள். நான் கொண்டுபோன கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பொந்துக்கு மேலே அப்பினாள். வெள்ளிப் பாம்பு வாங்கி உண்டியலில் போடுவதாக நேர்ந்தும் கொண்டாள்.

பொந்து வாயில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளையாக வடிந்திருந்தது. மாமா குனிந்து பார்த்தார்.

“ஏட்டி, பாம்பு எச்சம் போடுமாக்கும்?”

“சாமி காரியத்துல நக்கல் பண்ணாதீய.”

மாமா ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டு, “அண்ணாச்சி, ஒரு வாரம் போட்டும்” என்றார்.

மறுநாள் சாரலுக்கு மாமரத்தடியில் ஒதுங்கி நின்றபோதுதான் நான் பார்த்தேன். சிட்டுக்குருவி அளவுகூட இராது. மஞ்சள் வயிறு, ஊதா முதுகு, உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் பவளச் சிவப்பு அலகு. பேருக்குத்தான் மீன்கொத்தி, வாயில் இருந்ததோ அரணைக்குட்டி. அதை வேரில் நாலு சாத்து சாத்திவிட்டு விர்ரென்று பொந்துக்குள் போனது. உள்ளே குஞ்சுகள் இரைந்தன. கறையான் புற்றெடுக்க நாகம் குடிவந்தது என்பார்கள். இங்கே குருவி தோண்டிய பொந்தில் அத்தை நாகத்தைக் குடிவைத்திருந்தாள்.

சொல்லலாமா? குருவிக்காக ஜேசிபி நிற்குமா? நாகம் என்றால்தான் எங்கள் பக்கத்து ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். வாயைக் கட்டிக்கொண்டேன். அத்தை நாகத்துக்குப் பால் கொண்டுபோகும்போதெல்லாம் பின்னாலேயே ஓடுவேன். உள்ளே ஊற்றினால் குஞ்சுகள் என்ன ஆவது? நல்லவேளை, பயந்தவள் போலக் கிண்ணத்தைப் பொந்துக்கு ரொம்பத் தள்ளியே வைத்தாள். அத்தனை நாளும் பூனைக்குத்தான் யோகம்.

லீவு முடியப்போகும் ஒரு காலையில் மூன்று குஞ்சுகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்து, வேரில் உட்கார்ந்து, அக்கரைப் புதருக்குள் பறந்துவிட்டன. மூச்சு வாங்க வீட்டுக்கு ஓடினேன். அத்தை எனக்கு முன்னாலேயே வந்து, நனைந்த முந்தானையோடு காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“இனி வெட்டிக்கிடுங்க. நாகம்மா குடும்பத்தோட போயிட்டா.”

“எத்தனை, ஏட்டி?” டம்ளரை வாங்கிக்கொண்டே மாமா கேட்டார்.

“மூணு.”

மூன்று குஞ்சும் அத்தையின் மூன்று பாம்பும் ஒரே பொந்துக்குள் சண்டை சச்சரவில்லாமல் எப்படிக் குடித்தனம் நடத்தின என்று, பஸ்ஸில் ஊர் வந்து சேரும் வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன்.