நாலு பிரெஸ்ஸுக்கும் ஒரே எண்

புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு வேலையில் பாதி, எதை யார் தொடக்கூடாது என்று யோசிப்பது. மீதிப் பாதி, தொட்டுவிட்டவர்களிடம் பேச்சு வாங்குவது. இதே அவதியில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் கடைசியில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் புக்கிட் தெங்காவில், ஃபேக்டரி ஒன்றில் நான் பட்டதைச் சொல்கிறேன்.

ஒரே இடம்

அங்கே தகட்டை அழுத்திச் சாமான் செய்யும் நாலு பிரெஸ் இயந்திரங்களையும் ஒரே கம்ப்யூட்டர் ஓட்டியது. ஆள் தகட்டை உள்ளே வைத்தபின், மேலிருந்து இரும்பு இறங்குவதற்கு முன் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை ஒரு எண் முடிவு செய்யும். ஒவ்வொரு பிரெஸ்ஸுக்கும் அதனதன் பகுதிக்குள்ளேயே தனி எண்ணாக வைத்தால், ஒன்றில் கை வைப்பது மற்றதைப் பாதிக்காது. அப்படித்தான் எழுதிக்கொண்டு போனேன். மேனேஜர் அதையெல்லாம் அழித்துவிட்டு, புரோகிராமின் தொடக்கத்தில் நாலுக்கும் பொதுவாக ஒரே எண் வைக்கச் சொன்னார். அது ஆபத்து என்றேன்.

"நாலு எடத்துல மாத்திக்கிட்டு இருக்க எனக்கு நேரம் இல்ல. ஒரே எடத்துல வை லா."

திரையில் ஒட்டிய பாஸ்வர்ட்

பொதுவில் வைத்ததையாவது பூட்டி வைப்போம் என்று, அந்த எண்ணை மாற்ற ஆளுக்கொரு பாஸ்வர்ட் கேட்டேன். எங்கள் இருவருக்கு மட்டும் போதும் என்றார் மேனேஜர்; அவரவர் பெயரில் ஒன்று போட்டேன். ஒரு நாள் காலை, தீவிலிருந்து நான் வரும் ஃபெரி தாமதம். மேனேஜரோ கோலாலம்பூர் போயிருந்தார். நான் பட்டர்வொர்த்தில் இறங்கி, பஸ் பிடித்து வந்து சேரும்வரை, எண்ணை மாற்ற ஆளில்லாமல் வேலை நின்றுபோயிருந்தது. மறுநாள் மேனேஜரின் பெயரும் பாஸ்வர்டும் திரையின் ஓரத்தில் டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தன. மேனேஜரிடமே கேட்டு வாங்கி ஒட்டியவர் சூப்பர்வைசர் மணியம் அண்ணன். பிடுங்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

"ஒவ்வொரு தடவையும் ஒன்னத் தேடிக்கிட்டு நின்னா சூசா லா தங்கச்சி, ரொம்பக் கஷ்டம்."

மூன்றாவது பிரெஸ்

முதல் பிரெஸ்ஸில் சின்னச் சாமான்தான் ஓடும். அது இன்னும் வேகமாக ஓடட்டும் என்று யாரோ காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தார்கள். நாலிலும் குறைந்தது. மூன்றாவதில், ஆயர் ஈத்தாமிலிருந்து வேலைக்கு வரும் மேரி அக்கா, பெரிய தகட்டை இரண்டு கையாலும் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். கையை எடுப்பதற்குள் இரும்பு இறங்கிவிட்டது. வலது கையில் இரண்டு விரல் போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலருகே நின்றேன். மேரி அக்கா சொன்னார்.

"நான் அவசரப்படல தங்கச்சி. மெஷின்தான் அவசரப்பட்டுச்சு."

விசாரணை

கவனக்குறைவு என்று முடிவானால் மேரி அக்காவுக்கு வேலை போய்விடும். அதனால் மேனேஜர் அறையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். எண்ணை மாற்றியது யார் என்று கம்ப்யூட்டரைக் கேட்டால், அது மேனேஜரின் பெயரைத்தான் காட்டியது. எல்லாரும் அந்தப் பெயரில்தானே உள்ளே நுழைந்தார்கள். மணியம் அண்ணன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் குரலைக்கூட உயர்த்தவில்லை.

"நீ சொல்றது யாருக்கும் வெளங்காது. கவனக்குறைவுன்னா எல்லாருக்கும் வெளங்கும்."

பூட்டு

கவனக்குறைவு என்று எழுதி மேரி அக்காவை வேலையிலிருந்து நீக்கினார்கள். பிறகு உத்தரவு வந்தது: பிரெஸ்ஸுக்கு ஒரு தனி எண், ஆளுக்கு ஒரு தனி பாஸ்வர்ட், வேலையை விட்டவர்களுக்கு வாசலிலேயே தடை. முதல் இரண்டும் நான் ஆரம்பத்திலேயே கேட்டவை. ஒரே மத்தியானத்தில் எழுதி முடித்தேன்.

மேரி அக்கா, லாக்கரில் விட்டுப்போன செருப்பையும் சோற்றுப் பாத்திரத்தையும் எடுக்க வந்தபோது காவலாளி உள்ளே விடவில்லை. நானே ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அந்த எண்ணை இனி யாரும் தொட முடியாதா என்று கேட்டார். முடியாது என்றேன். இடது கையால் பையை வாங்கிக்கொண்டார்.

"நல்லது. அப்ப, தொடாத என்னைய எதுக்கு வெளிய நிறுத்தியிருக்காங்க?"

நம் தொழிலில் பூட்டு எப்படியும் வந்து சேர்ந்துவிடும், அடிபட்டவர் வெளியே போகும்வரை காத்திருந்துவிட்டுத்தான் வரும்.